எந்தத் தேதி

குதிரை மட்டும் போகும் பாதையில்
என் பெயின்ட் வாளிகள் முன்னே போயின.
இரண்டு மஞ்சள், ஒன்று நீலம்,
நன்கொடை தந்தவர்களின் பெயர் ஒட்டி.
பின்னால் நான்,
லெசோத்தோவின் ஆகஸ்ட் குளிரில்,
கடன் வாங்கிய கம்பளிக்கு
எந்தப் பக்கம் ஊக்குக் குத்துவதென்று தெரியாமல்.

மூன்று அறை, ஒழுகும் தண்ணீர்த் தொட்டி ஒன்று,
எண்பத்தோரு பெயர் கொண்ட வருகைப் பதிவேடு.
முதல் நாள்
'மை நேம் இஸ்' என்று கரும்பலகையில் எழுதினேன்.
எழுதி முடிக்குமுன்னே
வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் படித்து
நான் எழுதாத அடுத்த வரியையும் சொன்னது.
என்ன வேகம், என்ன ஆர்வம் என்று
அன்றிரவு வீட்டுக்கு எழுதினேன்.

மதியம் வரிசையில்
வெள்ளைச் சோளக்களியைத் தட்டில் வைத்து
'பாப்பா' என்றாள் சமையற்காரி.
எங்கள் ஊரில் பாப்பா என்றால் குழந்தை என்றேன்.
அவள் அதை உரக்க மொழிபெயர்க்க
வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது:
இந்தியாவில் குழந்தையைக்
கீரையோடு பிசைந்து தின்கிறார்களாம்!
மூன்று மாதத்தில் நான் கற்றுக்கொடுத்ததில்
நிலைத்தது அது ஒன்றுதான்.

இரண்டாம் வாரம் சுவரைச் சுரண்டினேன்.
பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது.
பச்சைக்குக் கீழே ரோஸ்,
ரோஸுக்குக் கீழே வெள்ளை,
வெள்ளைக்கும் அடியில் ஒரு நீலம்,
என் வாளியில் இருக்கும் அதே நீலம்.
அதில் பாதி யானை.
இந்த மலையில் யானை கிடையாது.
நானும் யானைதான் வரைவதாக இருந்தேன்.

ஏணியைப் பிடித்திருந்த லினெயோ,
வயது பதினொன்று,
விரல்விட்டுச் சொன்னாள்:
"பச்சை, மிஸ் இங்க்ரிட்.
ரோஸ், கிதார் வச்சிருந்த அண்ணன்.
வெள்ளை, பேர் மறந்துபோச்சு, அழுதுகிட்டே இருப்பாங்க.
நீலம் என் அக்கா காலத்துது.
எல்லாரும் 'மை நேம் இஸ்'ல இருந்துதான் ஆரம்பிப்பாங்க.
நாங்களும் ஆரம்பிப்போம்.
அன்னைக்கு நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க."

ஏணியிலிருந்து இறங்கினேன்.
தலைமையாசிரியை மாமெல்லோவிடம் போய்
எனக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்டேன்.
வந்து பதினாறாம் நாள் கேட்ட கேள்வி.
மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"தொட்டி ஒழுகுது.
மாவு மூட்டைக் கணக்கு நாலு மாசமா நிக்குது.
கூட்டல் வருமா?"

வரும்.
பதினெட்டு வருஷம் கூட்டுறவு வங்கியில்
அதைத்தான் செய்தேன்.
விடுப்பில் அதிலிருந்து தப்பித்துத்தான்
இவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

காலையில் மூட்டைக் கணக்கு, பிறகு சிமென்ட்.
தொட்டியின் வெளிச்சுவரில்
சுண்ணக்கட்டியால் கிறுக்கிய வகுத்தல் கணக்கு.
கரணையோடு நெருங்கினேன்.
"அதை விட்டுடுங்க, தன்கிஸோவுக்கு" என்றாள் லினெயோ.
பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே
மே மாதம் தொட்டு வராதவன் குறி.
யாருடைய ஆடுகளோடோ மேட்டில் இருக்கிறான்.
வருஷக் கூலி ஒரு பசு.
இருட்டியபின் தண்ணீருக்கு வருவான்,
வகுப்பில் அன்று நடந்ததைச் சுவரில் போடுவான்.
மறுநாள் விடை இருக்கும்,
சில நாள் தப்பாக,
அதன்மேல் இவள் போட்ட கோடு.
உள்பக்கம் மட்டும் பூசினேன்.

மஞ்சள் வாளிகள் கடைசிவரை திறக்கவில்லை.

அவர்கள் மொழியில்
போகிறவர் சொல்வது, நன்றாக இரு.
இருப்பவர் சொல்வது, நன்றாகப் போ.
இரண்டையும் பழகியிருந்தேன்.
குதிரை திரும்பியபோது
வாயில் வந்ததோ வீட்டு வழக்கம்:
போயிட்டு வர்றேன்.

என்ன சொன்னீங்க என்றாள் லினெயோ.
சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொன்னேன்.
பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து
பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு
"எந்தத் தேதி?" என்றாள்.

சாவு வீட்டில் மட்டும்தான்
அதைச் சொல்லாமல் கிளம்புவோம்,
மற்ற எல்லா வாசலிலும் சொல்வோம்
என்பதை எந்த மொழியில் விளக்க?
குதிரைக்காரர் இருமினார்.

ஆகஸ்ட் என்றேன்.
எழுதிக்கொண்டாள்.
எந்த வருஷம் என்று கேட்கவில்லை.
மரியாதை தெரிந்த பிள்ளை.